பிஸ்கற் ரின்னுக்குள் பன்னிரண்டு குளிசைகள்

கேள்வி: ஐயா, சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 67 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. போன மாதம் சலக்கடுப்பும் காய்ச்சலும் வந்தபோது டொக்டர் கோ-அமொக்சிகிளாவ் 625 குளிசை, நாளைக்கு மூன்று வீதம் ஏழு நாளுக்கு எழுதினார். மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் அம்மா நிறுத்திவிட்டா. "மருந்து சூடு, வயிற்றைக் குழப்புது" என்றா. மிச்சம் பன்னிரண்டையும் ஈயத்தாளில் இருந்து கழற்றி, சின்னப் போத்தலில் போட்டு, பிஸ்கற் ரின்னுக்குள் மூன்று வாரமாகப் பத்திரமாக வைத்திருக்கிறா. இப்போது என் எட்டு வயது மகனுக்கு மூன்று நாளாகத் தடிமனும் இருமலும். சளி பச்சையாக வருகிறது, நேற்று இரவு மேல் சுட்டது. "அதில பாதி குடு, நாளைக்கே நிக்கும்" என்கிறா அம்மா. அம்மாவுக்கும் இரண்டு நாளாகத் திரும்பக் கடுப்பு. அதே குளிசையைத் தானும் போடப்போறாவாம். கனடாவில் இருக்கும் அக்கா, நல்ல அன்ரிபயோட்டிக் வாங்கி வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுகிறேன் என்கிறா. எனக்குச் சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததாம். மகனுக்கும் அப்படி வருமா? இந்த மருந்தைப் பாலோடு போடலாமா, பத்தியம் உண்டா? (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைக்குச் செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு. மகனுக்கு அந்தக் குளிசை வேண்டாம், பாதியும் வேண்டாம். அம்மாவும் அதைத் திரும்பத் தொடவேண்டாம். இதைப் படித்து முடித்ததும் அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போங்கள். சீனி வருத்தக்காரருக்கு இரண்டாம் முறை வருகிற சலக்கடுப்பை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. இடையில் குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் நொந்தாலோ, சத்தி எடுத்தாலோ, அம்மாவின் கதை தடுமாறினாலோ இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கிருமி சிறுநீர்ப்பையை விட்டுச் சிறுநீரகத்துக்கு ஏறினால் இப்படித்தான் காட்டும்.

சரி, இனி ஆறுதலாகக் கதைப்போம். நான் டொக்டர் இல்லை, மருந்தாளர். இருபது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். உங்கள் அம்மாவை நான் கண்டதில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். "தம்பி, போனமுறை தந்த குளிசையில நாலு தாங்கோ" என்று கசங்கிய மருந்து உறையை நீட்டுகிற அம்மாமார் நாளுக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். உறையில் மை ஊறி, 'காலை, மதியம், இரவு' மட்டும் தெரியும். மருந்தின் பெயர் எழுதிய மூலை கிழிந்திருக்கும். துண்டு எங்கே என்று கேட்டால், "நாலு குளிசைக்கு ஏன் துண்டு?" என்று கோபிப்பார்கள். டொக்டரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். சட்டத்தைச் சொன்னால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். அதனால் நான் காரணத்தைத்தான் சொல்லிப் பார்ப்பது.

உங்கள் வீட்டுப் போத்தலில் இருந்தே தொடங்குவோம். அதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். சில குளிசைகளின் ஓரம் மஞ்சளித்திருக்கும், அல்லது கபிலப் புள்ளி விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோ-அமொக்சிகிளாவ் என்பது ஒரு குளிசைக்குள் இரண்டு மருந்து. 625 என்ற எண்ணுக்குள் அமொக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம். இந்த இரண்டாவது ஆளுக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கும் ஈரமே போதும், கெட்டுப்போகும். அதற்காகத்தான் தடித்த ஈயத்தாளுக்குள் இறுக்கி மூடி வருகிறது. நாங்கள் அந்த ஈயத்தாளைக் கத்தரித்துக் கொடுக்கும்போதுகூடக் குளிசை இருக்கும் குழியில் கத்தரி படாமல் பார்த்துத்தான் வெட்டுவோம். மார்கழி மழை ஈரத்தில், ஈயத்தாள் இல்லாமல், மூன்று வாரம். நிறம் மாறாத குளிசைக்குள்ளும் எவ்வளவு மருந்து மிச்சம் என்று கண்ணால் சொல்ல என்னாலும் முடியாது.

அந்த இரண்டாவது ஆள் கெட்டால் என்ன, அமொக்சிசிலின் இருக்கிறதுதானே என்று கேட்பீர்கள். பற்றீரியாக்களில் பல, பென்சிலின் குடும்பத்து மருந்துகளை உடைத்துப்போடும் ஒரு நொதியைச் செய்யப் பழகிவிட்டன. சலக்கடுப்பைக் கொண்டுவரும் ஈ-கோலை கிருமியில் இந்தப் பழக்கம் நிறைய. கிளாவுலானிக் அமிலம் தானாக எதையும் பெரிதாகக் கொல்லாது. அந்த நொதியின் வாய்க்குள் போய்ச் சிக்கி, வாயை அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அமொக்சிசிலின் கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும், கிருமி வெடித்துச் சாகும். முன்னால் போகிறவர் இல்லையென்றால் பின்னால் வருகிறவர் வெட்டுப்படுவார். அம்மா ரின்னுக்குள் வைத்திருப்பது அப்படி ஒருவர் இல்லாத படையாக இருக்கலாம்.

இனி, ஏன் அம்மா மிச்சத்தைப் போட்டுப் பார்க்கவே கூடாது என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று. பாமசியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், மழை விட்ட கையோடு எனக்குக் காய்ச்சல். வீட்டில் யாரோ விட்டுவைத்த அமொக்சிசிலின் கப்சியூல் ஆறு இருந்தது. மருந்து விற்கிறவனுக்கு யார் மருந்து சொல்லுவது? இரண்டு நாள் போட்டேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, பிறகு படி ஏறுவதுபோல் ஏறியது. ஐந்தாம் நாள் வாட்டில் படுத்தேன். நெருப்புக்காய்ச்சலோ (ரைபொயிட்) என்ற சந்தேகத்தில் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தார்கள். கல்ச்சர் என்பது இரத்தத்தையோ சிறுநீரையோ வைத்து, உள்ளே இருக்கும் கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பது. என் இரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை. கிருமி இல்லாமல் அல்ல. நான் போட்ட ஆறு கப்சியூல் அதை அரைமயக்கத்தில் வைத்திருந்தது, ஆய்வுகூடத் தட்டில் வளர விடவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியாமல் டொக்டர்மார் ஊகத்தில் மருந்து மாற்றி மாற்றிப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். "நீர் பாமசிதானே?" என்று வாட்டு டொக்டர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே, அம்மா புதிய மருந்தின் முதல் குளிசையைப் போடுமுன் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும். டொக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதைப் போகவிட்டு, நடுவில் வருவதை ஆய்வுகூடம் தரும் போத்தலில் பிடிக்கவேண்டும். வீட்டு ஜாம் போத்தலைக் கொதிநீரில் கழுவினாலும் சரிவராது. பிடித்ததைக் கெதியாக, ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நல்லது. தாமதமானால் பிறிஜ்ஜில் வையுங்கள். விடை வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டொக்டர் ஊகத்தில் ஒன்றைத் தொடங்குவார். விடை வந்ததும் தேவையென்றால் மாற்றுவார். மாற்றினால் "முதல் டொக்டர் பிழை" என்று ஊரில் சொல்லித் திரியாதீர்கள். முறையே அதுதான்.

அம்மா மூன்றாம் நாளில் நிறுத்தியதால்தான் திரும்ப வந்ததா? இருக்கலாம். இது புதுக் கிருமியாகவும் இருக்கலாம். சிறுநீரில் சீனி போகிறவர்களுக்கு அடிக்கடி வரும். இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் மனப்பாடம் செய்த ஒரு வசனத்தையும் கொஞ்சம் திருத்தவேண்டும். "கோர்ஸ் முடிக்காவிட்டால் கிருமி பழகிவிடும்" என்று நாங்களே சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். அதில் பாதிதான் உண்மை. பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவு மருந்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். ஆனால் தேவைக்கு மேல் போடுகிற ஒவ்வொரு நாளும் குடலில் இருக்கும் மற்றக் கிருமிகளுக்கும் பயிற்சி நாள்தான் என்பது பிறகு விளங்கியது. அதனால் பல நோய்களுக்கு இப்போது நாட்களைக் குறைத்திருக்கிறார்கள். வேறு சிக்கல் இல்லாத இளம் பெண்ணின் சலக்கடுப்புக்குச் சில மருந்தில் மூன்று நாள் போதும். சாதாரண நியூமோனியாவுக்கு ஐந்து நாளில் நிறுத்துவது உண்டு. மறுபக்கம், ஸ்ரெப்ரோகொக்கஸ் தொண்டை நோவுக்குப் பென்சிலின் பத்து நாள் எழுதுவார்கள், பிள்ளை இரண்டாம் நாளே ஓடி விளையாடினாலும். அந்தக் கிருமி தொண்டையோடு நிற்காமல் இதய வால்வைக் கெடுக்கும் மூட்டுவாதக் காய்ச்சலைக் கொண்டுவரலாம். அது ஒருமுறை வந்த பிள்ளைகள் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்கு வருடக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள். கசநோய்க்கு ஆறு மாதம்.

நாட்கணக்கு நோய்க்கு நோய் மாறும், ஆளுக்கு ஆள் மாறும். அம்மாவுக்குக் காய்ச்சலும் இருந்தது, சீனியும் இருக்கிறது. ஏழு நாள் என்றது யோசித்துத்தான். நான்காம் நாள் வயிறு குழம்பினால் நிறுத்தாமல், எழுதியவரிடம் "நிறுத்தலாமா, மாற்றலாமா?" என்று கேட்டிருக்கவேண்டும். கேட்டால் மாற்றித் தந்திருப்பார்கள்.

அம்மா சொன்ன "சூடு" பொய்யல்ல. பெயர்தான் வேறு. கிளாவுலானிக் அமிலம் குடலைக் கெதியாக ஓடவைக்கும். வயிற்றுப் பிரட்டும் வயிற்றோட்டமும் இந்தக் குளிசையில் சாதாரணமாகக் காண்பது. வெறுவயிற்றில் போட்டால் கூடும். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடச் சொல்லுங்கள். வயிறு குறையக் குழம்பும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும். நாளைக்கு மூன்று என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று அர்த்தம். காலை ஆறு, பின்னேரம் இரண்டு, இரவு பத்து. எங்கள் வீடுகளில் காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு ஏழு என்று போட்டுவிட்டு விடிய மட்டும் பதின்மூன்று மணித்தியாலம் கிருமிக்கு லீவு கொடுப்போம். இரவு பத்துக்கு இரண்டு பிஸ்கற்றாவது தின்றுவிட்டுப் போடலாம். ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போடவேண்டும். அடுத்ததுக்கு நேரம் கிட்டிவிட்டால் விட்டுவிடவேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது.

பால், தயிர், இளநீர் எல்லாம் இந்த மருந்தோடு சரி. மீன் இறைச்சிக்கும் தடையில்லை. பத்தியம் என்று அம்மாவைச் சோற்றுக்கஞ்சியில் வைத்துச் சோரப்பண்ணாதீர்கள். ஆனால் இது எல்லா அன்ரிபயோட்டிக்குக்கும் பொருந்தாது. டொக்டர் இந்த முறை சிப்ரோபுளொக்சசின் எழுதினால் பாலும் தயிரும் கல்சியம் குளிசையும் இரும்புக் குளிசையும் அதோடு சேரக்கூடாது. கல்சியமும் இரும்பும் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, நேரத்தைப் பிரித்துப் போடவேண்டும். அதோடு சீனிக் குளிசை போடுகிறவர்களுக்கு, கிளிக்ளசைட் போன்றவை என்றால், சிப்ரோ சீனியைத் திடீரென்று இறக்கிவிடும். வியர்த்து நடுங்கினால் உடனே சீனித்தண்ணீர் கொடுங்கள். குதிக்காலுக்கு மேலே உள்ள தசைநாண் நொந்தால் மருந்தை நிறுத்திவிட்டு டொக்டருக்குச் சொல்லுங்கள். டொக்சிசைக்கிளினுக்கும் பால் ஆகாது. ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் களத்தில் (உணவுக்குழாயில்) ஒட்டிப் புண்ணாக்கும். மெட்ரோனிடசோல் போடுகிறவர்கள் கள்ளு, சாராயம் இரண்டையும் மருந்து முடிந்து இரண்டு நாள் மட்டும் மறந்துவிடவேண்டும். பனை சுரக்கிற காலத்தில் இதைச் சொல்லி நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. அம்மா இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் போடுகிறவர் என்றால் எந்த அன்ரிபயோட்டிக் என்றாலும் முதலில் அதைச் சொல்லவேண்டும்.

இனி மகன். பச்சைச் சளி என்றால் கிருமி முற்றிவிட்டது என்று யார் எப்போது சொல்லிவைத்தார்களோ தெரியாது, யாழ்ப்பாணம் முழுக்க அதுதான் நம்பிக்கை. பச்சை நிறம், சண்டைக்கு வந்த வெள்ளைக் குருதிக்கலங்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். சண்டை வைரசோடு நடந்தாலும் பச்சைதான், பற்றீரியாவோடு நடந்தாலும் பச்சைதான். மூக்கொழுகித் தும்மலும் இருமலுமாக வருவது பெரும்பாலும் வைரசு. அமொக்சிசிலின் உடைப்பது பற்றீரியாவின் சுவரை. வைரசுக்கு அப்படி ஒரு சுவரே கிடையாது. "குடுத்தேன், நாலாம் நாள் நின்றது" என்பார்கள். கொடுக்காவிட்டாலும் நாலாம் ஐந்தாம் நாளில் குறையத் தொடங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று கிழமை இழுக்கலாம். அதைக் கண்டு பயப்படவேண்டாம்.

அம்மா கொடுக்கவேண்டும் என்றால் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்த தண்ணீர் கொடுக்கட்டும், தேன் ஒரு கரண்டி கொடுக்கட்டும், தொண்டைக்கு இதம். மேல் சுட்டால் பரசிட்டமோல். அதுவும் எடைக்குத்தான்: கிலோவுக்கு 15 மில்லிகிராம். மகன் 24 கிலோ என்றால் ஒரு தடவைக்கு 360. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 15 மில்லிலீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். குசினிக் கரண்டியால் அளக்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே மூன்று தேக்கரண்டிக்கு மூன்று அளவு இருக்கிறது. பாமசியில் ஊசியில்லாத சிறிஞ்ச் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். இது மழைக்காலம், நுளம்பும் எலியும் தண்ணீரும் ஒன்றாகக் கூடுகிற காலம். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால், தடிமன்தான் என்று இருக்காமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், டெங்குவா என்று பார்க்கவேண்டும். டெங்குவும் வைரசுதான், அன்ரிபயோட்டிக் அதில் ஒன்றும் செய்யாது. அரைக் குளிசை கொடுத்துவிட்டு "மருந்து போகிறதுதானே" என்று இரண்டு நாள் பார்த்திருப்பதுதான் ஆபத்து. இபுபுரூபன், டைக்ளோபெனக் போன்ற நோக்குளிசைகளைக் காய்ச்சலுக்குக் கொடுக்கவே கூடாது. விடாத வயிற்று நோ, தொடர் சத்தி, சிறுநீர் குறைவது, கைகால் குளிர்வது, முரசில் (பல் ஈறில்) இரத்தம் இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் இல்லாமலே பிள்ளை சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, காது நோ என்று அழுதாலோ, இருமல் இல்லாமல் தொண்டை மட்டும் கடுமையாக நொந்து விழுங்க முடியாமல் போனாலோ டொக்டர் பார்க்கவேண்டும். அவர் பார்த்துவிட்டு அன்ரிபயோட்டிக் எழுதினால் அது வேறு கதை. அப்போது தயங்காமல் கொடுங்கள். பாணியாகத் தந்தால் தூளில் கொதித்தாறிய தண்ணீரைக் கோடு மட்டும் விட்டுக் குலுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் குலுக்கவேண்டும், அடியில்தான் மருந்து படிந்திருக்கும். கரைத்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம் என்று லேபலில் இருக்கும், பெரும்பாலும் ஏழு நாள். அடுத்த தடிமனுக்கு என்று அந்தப் பாதிப் போத்தலையும் பிறிஜ்ஜில் வைக்கவேண்டாம்.

அன்ரிபயோட்டிக்கை ஒரேயடியாகப் பகைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அதுவும் பிழை. 2024 டிசம்பரில் எங்கள் பக்கம் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் உயிர்கள் போய், பிறகு எலிக்காய்ச்சல் என்று தெரியவந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளத்திலும் வயலிலும் கால் வைத்தவர்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் அன்ரிபயோட்டிக் எவ்வளவு கெதியாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. வயலில் இறங்குமுன் கிழமைக்கு ஒருமுறை டொக்சிசைக்கிளின் போடச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர்கள் கொடுப்பதும் உண்டு. நோய் வருமுன்னே அன்ரிபயோட்டிக் கொடுக்கிற அபூர்வமான இடங்களில் அது ஒன்று. அப்படிக் கொடுத்தால் வாங்கிப் போடுங்கள்.

அக்காவின் பாசத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் கனடாவிலும் துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கமாட்டார்கள். அப்படியென்றால் அவர் அனுப்பப்போவது அங்கே யாரோ ஒருவர் பாதியில் நிறுத்திய மிச்சம். ரொறன்ரோவில் ஒரு பிஸ்கற் ரின், சாவகச்சேரியில் ஒரு பிஸ்கற் ரின். அவரிடம் வேறு ஏதும் கேளுங்கள். அம்மாவுக்குச் சீனி பார்க்கிற கருவியின் பட்டி நல்லது, இங்கே விலை.

உங்கள் பென்சிலின் கதைதான் எனக்குக் கூடக் கவலை. கோ-அமொக்சிகிளாவ் என்ற பெயரில் 'பென்சிலின்' என்ற சொல்லே இல்லை, ஆனால் அது பென்சிலின் குடும்பம். நாளைக்கு உங்களுக்குத் தொண்டை நொந்து, அம்மாவின் ரின்னில் இருந்து நீங்களே ஒன்றைப் போட்டிருந்தால்? கம்பனிப் பெயரில் வாங்கினால் இன்னும் மறைந்துபோகும். இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, பொதுப்பெயரால் எழுதவேண்டும் என்று நின்றதன் அருமை இப்படியான இடத்தில்தான் விளங்கும். உறையில் பொதுப்பெயரை எழுதித் தாருங்கள் என்று எந்தப் பாமசியிலும் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஒவ்வாமை சொத்துப்போல் பிள்ளைக்கு எழுதிவைத்து வருவதல்ல. மகனுக்கு வரும் என்று இல்லை. ஆனாலும் டொக்டரிடம் சொல்லிவையுங்கள். உங்களுக்கே அது உண்மையான ஒவ்வாமையா என்பதும் கேள்விதான். 'பென்சிலின் ஒத்துவராது' என்று இருப்பவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மருந்து ஒத்துப்போகிறது. சின்ன வயதில் வந்த தடிப்பு அப்போது இருந்த காய்ச்சலின் தடிப்பாகவும் இருந்திருக்கலாம். அதற்காக வீட்டில் போட்டுப் பரீட்சிக்கவேண்டாம். ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் தடித்தது, மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா என்று அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். அம்மாவின் ஞாபகம் மட்டும்தான் இப்போது சாட்சி. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அது இருக்கவேண்டும்.

யாராக இருந்தாலும் அன்ரிபயோட்டிக் போட்டுச் சில நிமிடத்தில், அல்லது ஒரு மணித்தியாலத்துக்குள் உதடு, நாக்கு வீங்கி மூச்சிழுத்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சும்மா தண்ணீராக இரண்டு மூன்று தரம் போனால் ஜீவனி கரைத்துக் குடித்துச் சமாளிக்கலாம். இரத்தம் கலந்தோ, நாளுக்குப் பலதரமோ போனால் மருந்தை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள். கோ-அமொக்சிகிளாவ் சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, ஈரலைத் தாக்கி மஞ்சள்காமாலை காட்டும்; மருந்து நிறுத்திச் சில கிழமை கழித்தும் வரலாம். அம்மாவின் கண் வெள்ளையை இந்த மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

உலகம் முழுக்க, மருந்துக்குச் சாகாத பற்றீரியாக்களால் 2019இல் மட்டும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அடுத்த முறை அவருக்குக் குளிசைக்குப் பதிலாக நாளுக்கு இரண்டு மூன்று ஊசி என்று வாட்டில் படுக்கவேண்டி வரலாம் என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார்.

டொக்டரிடம் போகும்போது அந்தப் போத்தலையும் கொண்டுபோங்கள். இருபத்தொன்றில் ஒன்பது போட்டார், மூன்றாம் நாள் நிறுத்தினார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். டொக்டர் பேசுவார் என்று அம்மா மறைக்கப் பார்ப்பார். பேசினால் பேசட்டும், போன மருந்து எது, எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் இந்த முறை எது என்று அவர் தீர்மானிக்கலாம். காட்டி முடிந்ததும் போத்தலைப் பாமசியில் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாங்காவிட்டால், வடித்த தேயிலைச் சக்கையோடு கலந்து பையில் கட்டிப் பிரதேச சபைக் குப்பையில் போடுங்கள். கிணற்றடியிலோ மலகூடத்திலோ கொட்டவேண்டாம். எங்கள் நிலம் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குள் இறங்க அதிக நாள் பிடிக்காது.